மாப்பிள்ளை கண்ணில் ஒரு லென்ஸ்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது உங்களை "சிஸ்டர்" என்று கூப்பிட்டிருப்பார்கள். திருத்த வேண்டாம். பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக நான் பணி செய்த காலம் முழுவதும் திருத்திப் பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போட்ட சால்வையை மடித்துக் கையில் கொடுத்த அம்மாள்கூட, "உடம்பப் பாத்துக்கங்க சிஸ்டர்" என்றுதான் வழியனுப்பினார். நமக்கு மேலே டாக்டர் இருக்கிறார், பக்கத்தில் கண்ணாடிக் கடை இருக்கிறது. நடுவில் இருட்டறையில் உட்கார்ந்து "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் கண் பரிசோதகருக்கு ஊரில் தனியாகப் பெயர் கிடையாது. காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் திடீரென்று "டாக்டரம்மா" ஆகிவிடுவோம். அந்தப் பதவி உயர்வு வரும்போது கொஞ்சம் உஷாராக இருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கருவிகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் பழகிய கருவிகளில் பாதி இப்போது மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. புதியவற்றை உங்களுக்கு நன்றாகவே தெரியும். எனவே கான்டாக்ட் லென்ஸைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், லென்ஸைப் போடுகிற மனிதர்களைப் பற்றி. லென்ஸ் ரொம்பச் சாதுவான பொருள். சொன்ன நேரத்துக்குப் போட்டு, சொன்ன நேரத்துக்குக் கழற்றி, சொன்ன திரவத்தில் வைத்தால் அது யாரையும் எதுவும் செய்வதில்லை. எல்லாச் சிக்கலும் அதற்கு வெளியேதான் இருக்கிறது.

பெரம்பலூரில் இருந்தபோது ஒரு பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து நான்கு பெண்கள் ஒரே நாளில் கண் சிவந்து வந்தார்கள். கல்லூரி விழாவுக்காக ஒருத்தி பச்சை நிற லென்ஸ் வாங்கியிருக்கிறாள். அவள் மேடை ஏறி இறங்கியதும் அடுத்தவள் கண்ணுக்கு அது மாறியிருக்கிறது. இப்படியே நால்வரும் பச்சைக் கண்ணோடு ஆடி முடித்திருக்கிறார்கள். ஒருவர் சீப்பை இன்னொருவர் தொடுவீர்களா என்று கேட்டேன். "ஐயே, பேன் வந்துடும் மேடம்" என்றாள் ஒருத்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு. நல்லவேளையாக நான்கு பேருக்கும் சொட்டு மருந்தோடு சரியாகிவிட்டது. ஆனால் அன்று நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். சுத்தம் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அது நம் கருத்தாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கை கழுவுவீர்களா என்று கேட்டால் உலகத்தில் இல்லை என்று சொல்கிறவர் யாருமில்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, "எப்படிப் போடுவீங்க, எப்படிக் கழட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அரியலூர் கிளினிக்கில் ஒரு பையனைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். சகாயராஜ் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. ஏலாக்குறிச்சிப் பக்கம் ஊர். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. ஆறாவது படிக்கும்போது கரும்பலகை தெரியவில்லை என்று வந்தான். வருஷா வருஷம் பவர் ஏறி, கல்லூரி முடிக்கும்போது மைனஸ் எட்டில் வந்து நின்றது. வேதியியல் படித்து, ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒவ்வொரு முறை புதுக் கண்ணாடி எழுதும்போதும் டீச்சருக்கு ஒரே வருத்தம்தான். "கண்ணாடியப் போட்டா புள்ள கண்ணு கடுகாட்டம் தெரியுது சிஸ்டர்." அது உண்மைதான். அந்தப் பவரில் கண்ணாடி கண்ணைச் சின்னதாக்கித்தான் காட்டும். பிள்ளையின் பார்வையைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. பிள்ளை பிறருக்கு எப்படித் தெரிகிறான் என்பதுதான் அவருக்குக் கவலை. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவும் மகனும் வந்தார்கள். திங்கட்கிழமை சகாயராஜுக்குக் கல்யாணம். கூடம் நிறையக் கூட்டம். டாக்டர் தா.பழூரில் ஒரு கண் சிகிச்சை முகாமுக்குப் போயிருந்தார். டீச்சர் வழக்கம்போல உரக்கப் பேசாமல் என் காதருகில் வந்து, ஆலையில் சிமெண்ட் தூசி விழுந்துவிட்டது, திங்கட்கிழமைக்குள் சிவப்பு போக வேண்டும், ஒரு நல்ல சொட்டு மருந்து கொடுத்தால் போதும் என்றார். பிறகு அந்த வார்த்தையும் வந்தது. "நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டரம்மா."

சகாயராஜ் வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியபடி உள்ளே வந்தான். கண்ணாடி இல்லை. நேராக நடந்து, வழியில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்தரை ஆயிடுச்சும்மா, சீக்கிரம்" என்றான்.

மைனஸ் எட்டு உள்ளவர் கண்ணாடி இல்லாமல் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாது. கடிகாரம் இருப்பதே தெரிவது கடினம்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. பொய்யைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமையும் கூடவே வரும். இரண்டையும் விழுங்கிவிடுங்கள். அம்மா எதிரில் கேட்டால் அவன் தூசி என்றுதான் சொல்வான்; தூசி என்று நம்பினால் நாம் தேட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவோம். டீச்சரை வெளியே உட்காரச் சொன்னேன். ஒளி அடித்துப் பார்க்க அறை இருட்டாக வேண்டும், ஒருத்தர்தான் இருக்கலாம் என்று ஒரு காரணமும் சொன்னேன். கதவைச் சாத்தியபிறகு, "இடது கண்ணுல லென்ஸ் இருக்கே தம்பி, வலது கண்ணு லென்ஸ் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பெண் பார்க்கப் போகும்போது கண்ணாடி வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பழைய பவரைப் போட்டு ஆன்லைனில் லென்ஸ் வாங்கியிருக்கிறான். வீடியோ பார்த்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். பெண் வீட்டுக்கு இவனுக்குக் கண்ணாடி உண்டு என்பதே தெரியாது. கல்யாணத்துக்காக வீடு நிறைய உறவினர்கள் வந்து தங்கியிருந்தார்கள். பெண்ணின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் பந்தல் வேலைக்கு ஒத்தாசையாக வந்து இவன் அறையிலேயே படுத்திருந்தான். அவன் பார்த்துவிடக் கூடாது என்று நாலைந்து நாளாக லென்ஸோடேயே தூங்கியிருக்கிறான். வலி தாங்க முடியாமல் வலது கண் லென்ஸை மட்டும் அன்று விடியற்காலையில் கழற்றி டப்பாவில் போட்டிருக்கிறான்.

டப்பா சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் என்ன ஊற்றியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதான். லென்ஸ் தண்ணி தீந்து ரெண்டு வாரமாச்சு. சும்மா ஊத்தலைங்க, எங்க லேபுல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். உப்பு ரொம்பக் கம்மி. சுத்தமான தண்ணி."

பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். போர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். சோதித்துப் பார்த்த தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தாகத்துக்குச் சுத்தமானது வேறு, கண்ணுக்குச் சுத்தமானது வேறு. தண்ணீரில் கிருமி இருப்பதற்கு உப்புக் கணக்கு ஒரு தடையே இல்லை. எதற்காகச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் சோதிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது; மனசு நிம்மதியாகிவிடும்.

ஸ்லிட் லாம்ப் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். கருவிழியில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி வெள்ளையாக ஒரு புள்ளி. ஓரங்கள் கலங்கியிருந்தன. புண். ஆனால் கண் நான் எதிர்பார்த்த அளவு சிவப்பாக இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏதாவது மருந்து விட்டாயா என்று கேட்டேன். அதற்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும் என்றான்.

டீச்சரை உள்ளே கூப்பிட்டதும் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். மெடிக்கல் கடையில் வாங்கியது. வியாழக்கிழமை செக்கச் செவேலென்று இருந்த கண், இதை இரண்டு நாள் விட்டதும் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வீரியமானதாகக் கொடுத்தால் திங்கட்கிழமை போட்டோவுக்குச் சரியாகிவிடும் என்றார். குப்பியைப் படித்தேன். ஸ்டீராய்டு கலந்தது. டாக்டர் பார்த்து, தேவையென்றால் எழுதித் தர வேண்டிய மருந்து. புண் இருக்கிற கண்ணில் அதை நாமாக விட்டால் சிவப்பு குறையும், வலிகூடக் குறையும், உள்ளே கிருமி நிம்மதியாக வேலை பார்க்கும். டீச்சர் வீட்டில் அணைந்தது தீ அல்ல, தீ என்று கத்திக்கொண்டிருந்த மணி.

டாக்டருக்குப் போன் போட்டேன். முகாம் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். எதையும் விடாதே, கட்டுப் போடாதே. இப்போதே திருச்சி கண் மருத்துவமனைக்கு அனுப்பு, லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கையோடு கொடுத்தனுப்பு, என்ன கிருமி என்று அதில் தேடுவார்கள்.

போனை வைத்துவிட்டேன். சுலபமான பகுதி முடிந்தது. இனி டீச்சர்.

"மூணு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மண்டபத்துல பந்தல் போட்டுட்டு இருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் பொண்ணு வூட்லேருந்து வராங்க," என்றார். "செவ்வாக்கெழம காலையில மொத பஸ்ஸுல நானே திருச்சிக்கு அழைச்சிட்டுப் போறேன். ரெண்டு நாளுக்கு மட்டும் ஏதாச்சும் குடுங்க."

கருவிழிப் புண் என்று சொன்னேன். பார்வை போகலாம் என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நாம் சொல்வது போன்ற எச்சரிக்கைகளை அவர் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர். எச்சரிக்கையை எப்படிச் சொல்வது என்பது அவருக்கு அத்துப்படி. அதனால்தானோ என்னவோ கேட்கத் தெரியவில்லை. இடையில் சகாயராஜ், அம்மா சொல்வதும் சரிதான், ரெண்டு நாள் தாங்கிக்கொள்வேன் என்றான். கூடத்தில் இருந்தவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். இப்படியான நேரத்தில் நமக்கும் ஒரு ஆசை வரும். ஏதோ ஒரு சொட்டைக் கையில் கொடுத்து, "கட்டாயம் செவ்வாய்க்கிழமை போய்டணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டால் நம் மனசாட்சிக்கும் வேலை முடிந்துவிடும், கூட்டமும் நகரும். அந்தக் கண்டிப்பால் யாருக்கும் பயனில்லை.

பேசுவதை நிறுத்தினேன். சகாயராஜைக் கை கழுவச் சொல்லி, இடது கண் லென்ஸையும் கழற்ற வைத்தேன். பரிசோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி இரண்டு பக்கமும் அவனுடைய பவரைப் போட்டேன். டீச்சரை எதிர்ச் சுவரோரம் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். முதலில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் படிக்கச் சொன்னேன். கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். டீச்சர் முகத்தில், பார்த்தீர்களா என்பது போல ஒரு சிரிப்பு. பிறகு இடது கண்ணை மூடினேன்.

பலகை எங்கே என்றே தெரியவில்லை என்றான். சரி, எழுத்தை விடு, பலகைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறது என்று கேட்டேன்.

கழுத்தை நீட்டினான். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தான்.

"யாரோ நிக்கிறாங்க," என்றான். பிறகு, "அம்மாவா?"

அந்தச் சின்ன அறையில் அவனைப் பெற்றவளைத் தவிர வேறு யார் நிற்க முடியும்? அதைக் கேள்வியாகக் கேட்டானே, அதுதான் டீச்சரைப் போய்த் தைத்தது. கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். "கார் சொல்லட்டுமா, பஸ்ஸுல போலாமா?" என்று கேட்டார். கார் என்றேன்.

கிளம்பும்போது, யாராவது கேட்டால் தூசி என்று சொல்லிவிடுங்கள் என்றார். நான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம், ஆனால் திருச்சி டாக்டரிடம் தூசி என்று சொன்னால் அவர் தவறான மருந்தில் தொடங்கிவிடுவார் என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையைச் சொன்னார், அவருக்கு நன்றி. மற்ற இடங்களில் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மணப்பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இரண்டு வீட்டாரிலும் கண்ணில் லென்ஸோடு தூங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் வரப்போகும் அந்த மருமகள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அம்மாவும் மகனும் சேர்ந்து பாடுபட்டிருக்கிறார்கள்.

கல்யாணம் தள்ளிப்போவதற்குக் காரணம் வேண்டுமே. டீச்சர் காரிலிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, மாப்பிள்ளைக்கு டெங்கு என்று சொல்லிவிட்டார். நர்ஸிடம் டெங்கு என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? பிளேட்லெட் எவ்வளவு அத்தை என்று கேட்டிருக்கிறாள். டீச்சருக்கு அது மதிப்பெண் கேட்பது போலத் தோன்றியிருக்க வேண்டும். ரொம்பவும் குறைவாகச் சொன்னால் பயந்துவிடுவாள், ரொம்பக் கூடுதலாகச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று யோசித்து, எண்பத்தைந்து என்றார். எண்பத்தைந்தாயிரமா என்று அவள் கேட்க, ஆயிரமெல்லாம் கிடையாது, வெறும் எண்பத்தைந்து என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அந்த அளவில் மனிதர் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். எந்த மருத்துவமனை என்று கேட்டாள். பதற்றத்தில் டீச்சர் உண்மையான பெயரையே சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா அடுத்த பஸ்ஸில் திருச்சிக்கு வந்துவிட்டாள். வார்டு வாசலில் நின்ற டீச்சரிடம், "கண்ணாஸ்பத்திரில டெங்குக்கு எப்பலேர்ந்து பெட்டு குடுக்கறாங்க அத்தை?" என்று மட்டும் கேட்டாளாம். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள்.

சகாயராஜ் பழைய தடிமனான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட வேண்டும். டீச்சர் விட்டதில் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா கை கழுவிக்கொண்டு வந்து, டீச்சர் கையிலிருந்து குப்பியை வாங்கி, அவன் கண்ணாடியைக் கழற்றி, சொட்டு விட்டு, திரும்பவும் மாட்டிவிட்டாள். அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். கண்ணாடி போடுவதை மறைத்துவிட்டேன் என்றான்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும்," என்றாள். "மூக்கு மேல ரெண்டு பக்கமும் தழும்பு இருந்துச்சு. வருஷக்கணக்கா கண்ணாடி போட்டா மட்டுந்தான் அது வரும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இதை எனக்குச் சொன்னவர்கள் அவர்கள் இருவரும்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் திருத்திக்கொண்டே வந்தாள். முதலில் குறித்த கல்யாணத் தேதிக்கு முந்தைய வாரம் வீடியோ காலில் அவன் கண் சிவந்திருந்ததைத் தானும் பார்த்ததாகவும், மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிற பெண் என்று பெயர் வந்துவிடுமோ என்று சும்மா இருந்துவிட்டதாகவும் அவளே சொன்னாள். ஆளுக்கொரு பக்கம் மரியாதை பார்த்திருக்கிறார்கள். நடுவில் கருவிழி கரைந்துகொண்டிருந்தது.

கண் பிழைத்தது, ஆனால் முழுசாக இல்லை. ஒரு நாள் தாமதித்து ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால்கூட இவ்வளவும் பிழைத்திருக்காது என்று திருச்சி டாக்டர் சொன்னாராம். கல்யாணம் சில மாதங்கள் கழித்து நடந்தது. நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை கண்ணாடியோடுதான் பீடத்துக்கு முன்னால் நின்றான். பெண் வீட்டார் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிரியாணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் லென்ஸே வேண்டாம் என்று நீங்கள் நோயாளிகளைப் பயமுறுத்த இது வசதியாக இருந்திருக்கும். அப்படி முடியவில்லை. புண் ஆறிய இடத்தில் தழும்பு நின்று, கருவிழி மேடும் பள்ளமுமாகிவிட்டது. அப்படிப்பட்ட கண்ணுக்கு எந்தக் கண்ணாடியாலும் ஓரளவுக்கு மேல் உதவ முடியாது. ஆறி ஒரு வருஷம் போல ஆனபிறகு திருச்சியில் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, வலது கண்ணுக்கு ஒரே வழி கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்தான் என்று சொன்னார்கள். மேடு பள்ளத்துக்கு மேல் அது வழவழப்பாக உட்கார்ந்து பார்வையைத் தெளிவாக்கும். லென்ஸால் கெட்ட கண்ணுக்கு லென்ஸ்தான் மருந்து. லென்ஸை அங்கேயே அளவெடுத்துக் கொடுத்துவிட்டு, போட்டுக் கழற்றும் பயிற்சிக்கு எங்கள் கிளினிக்கிற்கு அனுப்பினார்கள்.

ஸ்டெல்லாவும் கூட வந்தாள். தானே போட்டுவிடுகிறேன், தனக்குப் பழக்கம்தான் என்றாள். அவளை வெளியே உட்காரச் சொன்னேன். இன்னொருவர் கையை நம்பி லென்ஸ் போடுகிறவர், அந்தக் கை வீட்டில் இல்லாத நாளில் கழற்றாமலே தூங்குவார். சகாயராஜ் கை கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். விரல் கண்ணுக்கு அருகில் வந்ததும் இமை தானாக மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப முயன்றான். வியர்த்துவிட்டது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பயப்படுகிறவரை உற்றுப் பார்க்காதீர்கள்.

ஒருவழியாக உள்ளே போனது. கண்ணீர் வழிய வழியக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு இடது கண்ணைத் தானாகவே பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி, "கங்கைகொண்ட சோழபுரம்" என்று படித்தான். அவ்வளவு நீளமான பெயரை அந்தக் கண்ணால் படித்துவிட்ட ஆச்சரியத்தில் இன்னொரு முறையும் படித்தான்.

என்னிடம் லென்ஸ் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதை எவ்வளவு நேரம் போட்டிருக்கலாம்? எட்டு மணி நேரம் என்றால் பத்து ஆகாதா என்பார்கள். பத்து என்றால் ஒரு நாளைக்கு மட்டும் படுத்து எழுந்துகொள்ளலாமா என்பார்கள். சகாயராஜும் ஏதோ கேட்க வாயெடுத்தான். வழக்கமான பதிலை நான் தயாராக வைத்திருந்தேன்.

"இத எப்பக் கழட்டணும்?" என்று கேட்டான்.